கேஸ்ட்ரிக் என்று சொன்ன காலை

கல்முனைக்குடியில் இமயமலை சப்ரி சேரின் சொத்து. பதினொரு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறான். மடிப்பு மலைகள் என்று பாடத்தைத் தொடங்கினானென்றால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான். அடுத்த பாடத்துக்கு வந்த கணித டீச்சர் வாசலில் நின்று இருமுவார். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் நின்றுகொண்டு எட்டாயிரம் மீற்றரைப் பற்றி அவன் அளக்கிற அளப்பைக் கேட்டால், போன கிழமைதான் இறங்கி வந்தவன் என்று நினைப்பீர்கள். உண்மையில் அவன் அதுவரை ஏறிய ஆக உயரமான இடம் நுவரெலியா. அதுவும் வேன் வண்டியில்.

"சேர், நீங்க அங்க போயிரிக்கீங்களா?" என்று ஒரு நாள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். கேட்டவள் அன்றைக்கே மறந்திருப்பாள். சப்ரிக்கு அது மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது.

அப்படிக் கிளம்பியதுதான் நேபாளப் பயணம். பன்னிரண்டு நாள் நடை. உச்சியில் தொரோங் லா என்கிற கணவாய், ஐயாயிரத்து நானூற்றுப் பதினாறு மீற்றர். ஆனால் நடத்திக் கூட்டிப்போகிற கம்பனி தனி ஆளை எடுக்காது; குறைந்தது இரண்டு பேர் வேண்டும். சப்ரி ஊரெல்லாம் ஆள் தேடினான். ஒருவனுக்குக் கடை, ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்குப் பெண்சாதி விடமாட்டாள். கடைசியில் அகப்பட்டவர் மச்சான் இன்பாஸ், அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி ஸப்னாவின் புருசன்.

இன்பாஸுக்கு நாவிதன்வெளியில் வயல். ஊரில் பாதிப்பேர் சவூதி, கட்டார் என்று போய் ஹிந்தியும் அரபியும் பேசப் பழகி வந்துவிட்டார்கள். இவர் வயலையும் உழவு மிசினையும் விட்டு எங்கேயும் போகாதவர். மலைமேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. பெண்சாதியின் தம்பி கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். பெரும்போகம் வெட்டி முடிந்திருந்தது, சிறுபோகம் விதைக்க இன்னும் நாள் கிடந்தது. நாற்பத்தொரு வயதில் முதல் பாஸ்போட் எடுத்தார்.

"தம்பி, இவரு வயல் வரம்புல நடக்கிற மனிசன். பாத்துக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக் கூட்டிட்டு வா," என்றாள் ஸப்னா.

"அது என்ட பொறுப்பு ராத்தா."

எவ்வளவு சுகமாக வாயிலிருந்து வந்த சொல்!

வழிகாட்டியின் பெயர் புர்பா. முப்பது வயதிருக்கும். சின்ன உடம்பு, பெரிய சிரிப்பு, நல்ல ஆங்கிலம். சுமை தூக்க இன்னொருவர். இன்பாஸுக்கு ஆங்கிலத்தில் 'யெஸ்', 'ஓகே', 'தேங்க்யூ' மூன்றும்தான் சரளம். ஆகவே அவருக்கும் புர்பாவுக்கும் நடுவில் போன கதையெல்லாம் சப்ரியின் வாய் வழியாகத்தான் போனது. அது சப்ரிக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு வகுப்பு அளவு மரியாதை அதில் கிடைத்தது.

முதல் ஐந்தாறு நாள் மச்சான்தான் முன்னால். சப்ரி மூச்சிரைத்து ஒவ்வொரு வளைவிலும் படம் எடுக்கிற சாட்டில் நிற்க, அவர் சறத்தை மடித்துக் கட்டாத குறையாக ஏறிக்கொண்டிருந்தார். மலைச்சரிவில் படி படியாய் வெட்டிய வயல்களைக் கண்டால் போதும், கால் நின்றுவிடும்.

"இந்தச் சரிவுல எப்பிடி மச்சான் தண்ணி கட்டுறானுகள்? கேளேன் அவருக்கிட்ட."

சப்ரி கேட்பான். புர்பாவின் வீட்டிலும் உருளைக்கிழங்கும் பார்லியும் போடுகிறார்களாம். அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். அது பாதிதான் சப்ரிக்கு விளங்கும். அவன் மொழிபெயர்த்து முடிக்குமுன் இன்பாஸ் தலையாட்டிவிடுவார். வயல்காரனுக்கு வயல்காரன் கதை விளங்குவதற்குப் புவியியல் வாத்தியார் தேவையில்லை.

மனாங் என்கிற ஊரைத் தாண்டியதும் கதை மாறியது. காற்றில் சத்துக் குறைந்துகொண்டு போனது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் புர்பா விரலில் ஒரு சின்னக் கருவியைக் கவ்வ வைத்து இரத்தத்தின் ஒட்சிசன் எண் பார்ப்பார். பார்த்துவிட்டு மூன்று கேள்வி: தலையிடிக்குதா, சத்தி, அதாவது வாந்தி, வந்ததா, நித்திரை எப்படி?

"எண் மட்டும் போதாது," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "ஆள் சொல்வதுதான் எனக்கு முக்கியம். தலையிடியோடு சத்தியும் வந்தால் மேலே ஒரு அடி கிடையாது. இறங்க வேண்டும். வழிகாட்டி நான் ஒருவன், அதனால் இரண்டு பேருமே இறங்க வேண்டும்." இதை இன்பாஸுக்கு ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னவன் சப்ரி.

பத்தாம் நாள், நாலாயிரத்து நானூற்றைம்பது மீற்றரில், மலையடிவாரத் தங்குமிடம் ஒன்றில் விடிந்தது. அங்கிருந்து பார்த்தால் ஏணியைச் சாத்தி வைத்தது போல ஒரு செங்குத்துப் பாதை, வளைந்து வளைந்து உயர்முகாமுக்குப் போகிறது. அன்று அதில் ஏறினால், மறுநாள் விடிய கணவாய். சப்ரி சுபஹுத் தொழுதுவிட்டுத் திரும்பியபோது இன்பாஸ் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ரா ரெண்டு தரம் சத்தி எடுத்தன். மண்ட வெடிக்கிற மாதிரி இரிக்கி. நீ புர்பாக்கிட்ட இதச் செல்லு. அவரு என்ன செல்லுறாரோ அப்பிடிச் செய்வம்."

"இப்பவே செல்லுறன். நீங்க சாயுங்க," என்றான் சப்ரி.

சாப்பாட்டு மண்டபம் முற்றத்தைத் தாண்டி. இருபத்தைந்து அடி இருக்கும். அந்த இருபத்தைந்து அடிக்குள் சப்ரியின் மனதில் என்னவெல்லாம் ஓடியது! இறங்கினால் இனி இந்த ஜன்மத்தில் இல்லை. விடுமுறை இன்னொரு தரம் கிடைக்காது. பள்ளிக்கூடத்து வட்சப் குழுவில் 'நாளை கணவாய்' என்று நேற்றுத்தான் போட்டிருந்தான். நூற்றுப் பதினாறு பேர் துஆ செய்திருந்தார்கள். ஒரேயொரு நாள். ஒரு நாள் சமாளித்தால் மறுபக்கம் இறக்கம்தானே. அதோடு, மச்சானுக்குச் சும்மாவே வயிற்றுக் கோளாறு. நேற்று அந்தப் பாலாடைக்கட்டிச் சாமானைச் சாப்பிட்டவர்தானே?

புர்பா தேத்தண்ணிக் கோப்பையோடு நிமிர்ந்தார். "அண்ணன் எப்படி? வரவில்லையே? தலையிடியா? சத்தியா?"

"இல்லை. நல்லா நித்திரை. கொஞ்சம் கேஸ்ட்ரிக், அவ்வளவுதான். அவருக்கு அது எப்பவும் உள்ளது."

சுபஹுத் தொழுத வாய் காயவில்லை, அதற்குள் இதைச் சொல்லியாயிற்று. எங்கள் நாட்டில் கேஸ்ட்ரிக் என்பது ஒரு பெரிய வசதி. நெஞ்சு நொந்தாலும் கேஸ்ட்ரிக், மனம் நொந்தாலும் கேஸ்ட்ரிக். அந்தச் சொல்லைப் போட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் புர்பா கேட்டார். அறைக்கு வந்து இன்பாஸின் விரலில் கருவியை மாட்டினார். எழுபத்தேழு. நெற்றியைச் சுருக்கினார்.

"குறைவுதான். ஆனால் இந்த உயரத்தில் பலருக்கு இப்படி இருக்கும். தலையிடி இல்லை என்பது நிச்சயமா, சேர்?"

"நிச்சயம்."

இன்பாஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன செல்லுறாரு?"

"செல்லிட்டன் மச்சான். இந்த உயரத்துல எல்லாருக்கும் இப்பிடித்தானாம். மெல்ல மெல்ல ஏறினாச் சரியாம்."

"அவரு செல்லிட்டா சரிதான்," என்று இன்பாஸ் காலுக்குச் சப்பாத்தைத் தேடினார். சப்ரி இரண்டு பெனடோலை எடுத்துக் கொடுத்தான். கைகூட நடுங்கவில்லை. பின்னாளில் அவனை ஆக வருத்தியது அதுதான்.

ஏறத் தொடங்கினார்கள். புர்பா முன்னால், பத்து அடிக்கு ஒரு தரம் நின்று. நடுவில் இன்பாஸ். பின்னால் சப்ரி, மச்சானின் குதிகாலைப் பார்த்தபடி. முதல் மணித்தியாலம் அந்தக் கால்கள் நேராகப் போயின. இரண்டாவது மணித்தியாலம் இடக்கால் வலப்பக்கமும் வலக்கால் பாதைக்கு வெளியிலும் போயின. சப்ரிக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இன்னும் நாலு வளைவு, இன்னும் மூன்று வளைவு என்று எண்ணிக்கொண்டு போனான். அந்தப் பதினேழு வளைவுகளில் ஏதாவது ஒன்றில் 'நில்லுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றிலும் சொல்லாமல் விட்டான். பொய் ஒரு தரம் சொன்னதல்ல, பதினேழு தரம் சொன்னது.

உயர்முகாமின் கூரை தெரிந்த இடத்தில் இன்பாஸ் பாதையோரம் குந்தினார். கற்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கத் தொடங்கினார்.

"மச்சான், தண்ணி உடைச்சிட்டுப் போகுது. நீ அந்தப் பக்கம் வரம்பக் கட்டு, கெதியா."

அங்கே வயலும் இல்லை, தண்ணியும் இல்லை. புர்பா பாய்ந்து வந்தார். இன்பாஸைத் தூக்கி நிறுத்தி, குதியோடு விரலை ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிக் கையால் காட்டினார். இரண்டாவது அடியில் இன்பாஸ் மரம் மாதிரிச் சாய்ந்தார்.

"எப்போதிருந்து? காலையில் ஒன்றும் இல்லையா?" என்று புர்பா சத்தம் போட்டார். அந்த மனிதர் சத்தம் போட்டு அதுவரை சப்ரி கேட்டதில்லை.

"இப்பதான்," என்றான் சப்ரி.

அதற்கு மேல் புர்பா கேட்கவில்லை. பையை வீசிவிட்டு, ஒரு துணிப்பட்டியை நெற்றியில் மாட்டி, எழுபத்தெட்டுக் கிலோ மனிதரை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே இறங்கத் தொடங்கினார். தன் எடை ஐம்பத்தைந்துகூட இருக்காது. கால் வழுக்கிய இடத்தில் முழங்காலை ஊன்றினார், மச்சானைக் கீழே விடவில்லை. களைத்தால் சுமைகாரரிடம் மாற்றுவார், மூச்சு வந்ததும் திரும்ப வாங்குவார். மலையை முகில் மூடியிருந்தது. அன்றைக்கு ஹெலிகொப்டர் வராது, எவ்வளவு கீழே இறங்குகிறோமோ அவ்வளவுக்கு ஹயாத், உயிர் மிஞ்சும் என்றார்கள். சப்ரி நாலு பேருடைய பைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். கணவாயும் மறந்தது, வட்சப்பும் மறந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பது தவிர நாக்கில் வேறொன்றும் வரவில்லை.

அடிவாரத்தில் ஒரு குதிரை கிடைத்தது. இன்பாஸை அதில் சாய்த்துக் கட்டி, இன்னும் கீழே போனார்கள். பின்னேரமாகும்போது இன்பாஸின் கண்ணில் கொஞ்சம் தெளிவு வந்தது. உதடு நீலம்தான், ஆனால் பேச்சு அவருடைய பேச்சு. குதிரைக்குப் பக்கத்தில் நடந்த சப்ரியின் தோளைத் தடவிப் பிடித்தார்.

"மச்சான், உனக்கி இது எவ்வளவு ஆசயான பயணம். என்னால கெட்டுப் பெய்த்து. நான் மௌத்தாகினாலும் ஆகுவன். பொருந்திக்க மச்சான்."

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவரும், நோயில் கிடக்கிறவரும், சாகப்போகிறேன் என்று நினைக்கிறவரும் கேட்பது இதைத்தான். ஒரு மனிதனுக்குச் செய்த குறையை அந்த மனிதன் பொருந்தாமல், அதாவது மன்னிக்காமல், அல்லாஹ்வும் பொருந்தமாட்டான் என்பது நம்பிக்கை. கேட்டால் பதில் ஒன்றுதான்: பொருந்திட்டன், நீங்களும் பொருந்திக்கங்க. பதிலின் முதல் பாதியைச் சப்ரி சொன்னான்.

"பொருந்திட்டன் மச்சான்."

இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. அந்த நேரம் அவன் மனதில் ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் வந்தது வந்ததுதான்: இவர் போய்விட்டால் இது யாருக்கும் தெரியவராது. வந்த வேகத்தில் தௌபா செய்து பாவமன்னிப்புக் கேட்டான். தௌபா செய்தால் நினைத்தது நினைக்காததாகிவிடுமா?

மனாங் சிகிச்சை நிலையத்தில் ஒரு டொக்டர் அம்மா. ஒட்சிசன் குழாயை மாட்டிக்கொண்டே கேட்டார், சத்தி எப்போது தொடங்கியது என்று. சப்ரி மச்சானைக் கேட்டான். "நான் விடியச் செல்லினன்தானே, ரா ரெண்டு தரம் என்டு," என்றார் அவர். மருந்து அந்தப் பதிலில்தான் தங்கியிருந்தது. இனிப் பொய் சொன்னால் மனிதர் சாவார். சப்ரி நிலத்தைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னான்:

"நேற்று இரவு. இரண்டு தரம். காலையில் கடுமையான தலையிடி."

வாசலில் நின்ற புர்பா திரும்பிப் பார்த்தார். முழங்கால் இரண்டிலும் இரத்தம் காய்ந்திருந்தது. கோபத்தைச் சப்ரி எதிர்பார்த்தான், ஏச்சை எதிர்பார்த்தான்.

"அவர் உங்கள் ஆள், சேர்," என்றார் புர்பா. "உங்களைவிட நான் யாரை நம்புவேன்?" சொல்லிவிட்டு, குதிரைக்காரருக்குத் தேத்தண்ணி கேட்டு வெளியே போனார்.

மறுநாள் ஹெலிகொப்டர் வந்தது. காத்மண்டுவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. ஹயாத் தப்பியது. ஆனால் மூளையில் நீர் கோத்ததன் பாதிப்பு முழுதாக விலகவில்லை. நடந்தால் தள்ளாடுகிறது, வலது கை நடுங்குகிறது, தேற எத்தனை மாதம் செல்லுமென்று சொல்ல முடியாது என்றார்கள். ஊருக்கு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். தலைக்கு வந்தது தொப்பியோடு போச்சு என்றார் ஒரு மாமா. சப்ரி மட்டும் இல்லையென்றால் மையித்துத்தான் வந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஸப்னா எல்லார் முன்னாலும் தம்பியின் கையைப் பிடித்து அழுதாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

சிறுபோகத்துக்கு வயலை வேறொருவர் விதைத்தார். உழவு மிசின் முற்றத்தில் கிடந்தது. இன்பாஸ் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்தக் கைட் மனிசன் பாவம், நல்ல மனிசன்," என்பார் வருகிறவர்களிடம். "செமந்து கொண்டுவந்தது அவருதான். ஆனா மச்சான் விடியவே எல்லாத்தையும் செல்லித்தான் இரிக்கான். அவருதான் ஏறலாம் என்டிட்டாரு."

ஸப்னாவுக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. "செல்லியும் ஏத்தினவன் என்ன நல்லவன்? நாளைக்கி இன்னொரு பொம்புளட புருசனையும் இப்பிடித்தான் ஏத்துவான். தம்பி, நீ கம்பனிக்கு இங்கிலீசுல நல்லா எழுது." சப்ரி பரீட்சைத் தாள் திருத்தல் என்றான், ஹஜ்ஜுப் பெருநாள் என்றான், காய்ச்சல் என்றான். ஒரு மாதம் பார்த்தாள். பிறகு மூத்த மகளை வைத்து நாலு வரி கம்பனிக்கு அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் சப்ரிக்கு மின்னஞ்சல் வந்தது. விசாரணை முடியும்வரை புர்பாவுக்கு வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது. நோயாளி பற்றிக் காலையில் தனக்குச் சொல்லப்பட்டது கேஸ்ட்ரிக் மட்டுமே என்று அவர் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அது சரியா, பிழையா? உங்கள் பதிலை வைத்தே முடிவெடுப்போம்.

அறிக்கையில் புர்பா வேறொன்றும் எழுதவில்லை. மனாங்கில் கேட்டது, பொய், ஏமாற்று, எதுவும் இல்லை. அதே கிழமையும் அவரிடமிருந்து வட்சப்பில் வந்திருந்தது, எப்போதும் வருகிற ஒரே கேள்வி: அண்ணன் இப்போது நடக்கிறாரா?

சப்ரி மூன்று நாள் சோறு தின்னவில்லை. 'பிழை' என்று ஒரு சொல் எழுதினால் போதும். அவனும் அவன் பெயரும் ராத்தாவின் வீடும் அப்படியே இருக்கும். நேபாளத்தில் யாரோ ஒருவர் உருளைக்கிழங்கு நட்டுப் பிழைத்துக்கொள்வார். இப்படியும் நினைத்தான். நினைத்துவிட்டு, அந்த முதுகை நினைத்தான்.

கம்பனி அவனிடம் கேட்டிருப்பது ராத்தாவுக்கும் தெரியும். நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பதிலோடு ராத்தா வீட்டுக்குப் போனான். இன்பாஸ் கதிரையில். ஸப்னா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எழுதிட்டியா தம்பி? வாசி. தமிழ்ல செல்லு, இவருக்கும் விளங்கட்டும்."

எழுதியது போனில் இருந்தது. சப்ரி வாசித்தான்.

"புர்பா எழுதியது சரி. அன்று காலை என் மச்சான் சத்தியையும் தலையிடியையும் வழிகாட்டியிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. கேட்டபோதும் மறைத்தேன். கணவாய்க்குப் போக வேண்டும் என்ற ஆசையில் மறைத்தேன். புர்பாவில் ஒரு பிழையும் இல்லை. என் மச்சானின் உயிரைக் காப்பாற்றியவர் அவர்."

"என்ன வாசிக்கிறாய்?" என்றாள் ஸப்னா. "திருப்பி வாசி."

திருப்பி வாசித்தான். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்துவிட்டாள். ஏசுவாள், அடிப்பாள், உம்மாவைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்தவன் சப்ரி. பேசியது இன்பாஸ்தான். கோபமாகவும் இல்லை, விளங்காத பாடத்தைக் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"அப்ப குதிரையில வெச்சு நான் உனக்கிட்டப் பொருந்திக்க என்டு கேட்டன்தானே. நீ பொருந்திட்டன் என்டு செல்லின. எதுக்குடா செல்லின?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பதில் தேடியிருக்கவில்லை. பதில் இருந்தது. கடிதத்தில் உள்ளதைவிடக் கேடுகெட்ட பதில்.

"நீங்க மௌத்தாகிருவீங்க என்டு நெனச்சன் மச்சான். ஆகினா... ஒருத்தருக்கும் தெரியாமப் பெய்த்திரும் என்டு ஒரு நெனப்பு வந்திச்சி."

ஸப்னா எழுந்து வந்து, அவன் கையிலிருந்த போனை வாங்கி அவனிடமே நீட்டினாள்.

"எதை அமத்தினாப் போகும்?"

காட்டினான். அவளே அழுத்தினாள், கடிதம் போனது. போனை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சப்ரி கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தான். "பொருந்திக்கங்க மச்சான்," என்றான்.

இன்பாஸ் வலது கையின் நடுக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"இப்பப் பொருந்த ஏலா மச்சான்," என்றார்.